நூற்றுப்பத்து கிலோ

– கையை எடுடா. மாவு மேல பேப்பரைப் போடாத.

– மாவு கெட்டா கெட்டுப் போகட்டும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லும்மா. இது யாரு?

– கண்ணாடி போட்டிருக்க, தெரியலையா? உன்னைப் பெத்தவ.

– நாலாம் பக்கத்துல, பாதிப் பக்கத்துக்கு! தொடை தெரிய, கை தெரிய, பல்லைக் கடிச்சுக்கிட்டு... ஆபீஸ்ல என் மேஜை மேல எவனோ மடிச்சு வெச்சிட்டுப் போயிருக்கான். சிவப்புப் பேனாவால வட்டம் வேற போட்டிருக்கான்.

– வட்டம் போட்டானா, பரவால்லையே. கீழ எத்தனை கிலோன்னு எழுதியிருந்தாங்களே, அதைப் படிச்சானாமா?

– அம்மா!

– நூறு கிலோ. தரையிலேர்ந்து இடுப்பு வரைக்கும். அம்பத்திநாலு வயசுல. அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை நூத்திப்பத்து தூக்கப் போறேன், அதுக்கும் இப்பவே ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொல்லு.

– ஞாயித்துக்கிழமை ஒரு போட்டியும் கிடையாது. நீ போகல. அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.

– அடேங்கப்பா. உங்க ஆபீஸ்ல லீவெல்லாம் குடுக்கறாங்களா?

– கிண்டல் பண்ணாதம்மா. நான் என்ன சொல்ல வரேன்னா...

– சொல்லு, சொல்லு. வாய்க்குத்தானே வேலை, கை சும்மாதானே இருக்கு? அந்த டப்பாலேர்ந்து முட்டையை எடு. மூணு முழுசா, ரெண்டு வெள்ளை மட்டும்.

– நான் சண்டை போட வந்திருக்கேன்!

– தெரியுது. மாடி ஏறும்போதே மூச்சு வாங்கினது கேட்டுச்சு. மூணு மாடிக்கே இப்படின்னா சண்டைக்குத் தெம்பு எங்க இருக்கு? முட்டையைக் குடு.

– இந்தா. என்ன கண்றாவி இது? கடலை மாவா?

– கோதுமை மாவு ரெண்டு பங்கு, கடலை மாவு ஒரு பங்கு. பாஸ்தா. கடையில டப்பால புரோட்டீன் பாஸ்தான்னு விக்கறானே, அட்டையை வேக வெச்ச மாதிரி இருக்கு. அந்தப் பவுடரைக் கரைச்சுக் குடிச்சா வயிறு பொருமுது. இந்த வயசுல சதை தானா கரையுமாம். தூக்கறவ சாப்பாட்டுல சத்து இல்லன்னா தூக்கின பாரம் தோளை விட்டுட்டு எலும்புல போய் உக்காரும்னு எங்க ஜிம்மு மாஸ்டர் சொன்னாரு. சரின்னு நானே பிசையறேன். கடலை மாவு கூடிப் போச்சுன்னா பொலபொலன்னு உதிரும், நாடா நிக்காது. நாலு தடவை தூக்கிக் குப்பையில போட்டப்புறம்தான் இந்தக் கணக்கு பிடிபட்டுச்சு.

– மாஸ்டராம்! உன்னை விடப் பத்து வயசு சின்னவன்.

– ஆமா. அதுக்காக அண்ணான்னா கூப்பிடறது?

– அம்மா, தயவு செஞ்சு கேளு. சம்பந்தி வீட்ல இதைப் பாத்துட்டாங்க.

– சரி.

– என்ன சரி? என் கல்யாணத்துக்கு நாப்பது நாள்தான் இருக்கு. அவங்களுக்கு அசிங்கமா இருக்காம்.

– யாருக்கு? பொண்ணுக்கா, அவ அப்பாவுக்கா, அவ அம்மாவுக்கா?

– எல்லாருக்கும்தான்.

– எல்லாரும் சேர்ந்து கோரஸா சொன்னாங்களா? ஒரு வாய்தானே சொல்லியிருக்கும். எந்த வாய்?

– அவங்க... அவங்க அம்மாதான். ‘சம்பந்தியம்மாவுக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ன்னு கேட்டாங்க. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

– அந்தம்மாவா சொன்னாங்க? என் கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லாத்தானே பேசினாங்க.

– முன்னாடி ஒண்ணு பேசுவாங்க, பின்னாடி ஒண்ணு பேசுவாங்க. உலகம் தெரியாம இருக்காதம்மா.

– ம். இதைப் பிடி.

– என்னது?

– மாவு. கை கழுவிட்டு வந்து பிசை. என் முகத்துல குத்தணும் போல இருக்குல்ல உனக்கு? அதுல குத்து. உள்ளங்கை அடிப்பாகத்தால தள்ளு, மடி, திருப்பு, மறுபடி தள்ளு. பத்து நிமிஷம். காது மடல் மாதிரி ஆகற வரைக்கும்.

– எனக்கென்ன தலையெழுத்தா?

– பிசையலன்னா நான் பேச மாட்டேன். நீ சுவத்துக்கிட்ட பேசிட்டு அரை நாளைக் கழிச்சுட்டுப் போ.

– ...சரி, குடு. இப்படியா?

– அது தடவறது. நான் பிசையச் சொன்னேன்.

– இப்படி?

– ஆங். கோவம் வரட்டும், அப்பத்தான் மாவு இளகும்.

– கோவம் வராம? கூடத்துல நுழைஞ்சதுமே வந்துடுச்சு. அப்பா கட்டில் இருந்த இடத்துல இரும்புக் கம்பியையும் சக்கரத்தையும் போட்டு வெச்சிருக்க. அவர் உயிர் போன இடம்மா அது! உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

– வேற எங்க போடச் சொல்ற? இந்த வீட்ல பாரம் தாங்கற இடம் அது ஒண்ணுதான்.

– எதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்ப. கை வலிக்குது.

– ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

– வலிக்குதும்மா!

– வை அங்க. அது மேல ஈரத்துணியைப் போட்டு மூடு, அரை மணி ஊறட்டும். காலைல நான் பிசைஞ்சு வெச்ச உருண்டை இருக்கு, அதைத் தேய்க்கறேன். கட்டையை எடு. ரவையைக் கொஞ்சம் தூவு, ஒட்டாம இருக்கும்.

– அப்பா இருந்தா இதெல்லாம் நடக்குமா? இந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி குனிஞ்சு நிக்க விட்டிருப்பாரா?

– இன்னொரு தடவை சொல்லு.

– அப்பா இருந்தா...

– உங்கப்பா இருந்தாரே. ஆறு வருஷம் இருந்தாரே, அந்தக் கட்டில்ல, ஒரு பக்கம் விழுந்து போய். நீ எத்தனை நாள் இருந்த?

– அப்ப எனக்கு வேலை வெளியூர்ல...

– மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருவ. வாசல் பக்கத்து நாற்காலில உக்காந்து ஃபோனைப் பாப்ப. உள்ள வந்தா வாடை, குமட்டுதுன்னுவ. நான் ஒண்ணும் சொன்னதில்ல. பையன் இளசு, தாங்க மாட்டான்னு நானே உனக்கு வக்கீலா நின்னு எனக்கே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன்.

– இப்ப எதுக்கு அதெல்லாம்?

– நீதானே அப்பான்னு ஆரம்பிச்ச! கட்டில்லேர்ந்து நாற்காலி. நாற்காலிலேர்ந்து கழிப்பறை. கழிப்பறையிலேர்ந்து மறுபடி நாற்காலி. ஒரு நாளைக்குப் பதினொரு தடவை தூக்கினேன்டா உங்கப்பாவை. படுத்தப்ப எழுபத்திரெண்டு கிலோ. முதல் மாசம் என் இடுப்பு போச்சு, ரெண்டாம் மாசம் தோள் போச்சு. அப்புறம் தூக்கத் தூக்க லேசாயிட்டே வந்தாரு. சரி, நமக்குப் பலம் கூடுது போலன்னு நெனச்சேன். அவர் கரைஞ்சுக்கிட்டிருந்தாரு. எனக்குத் தெரியல. அவர் போனப்புறம் கை ரெண்டும் சும்மா தொங்குச்சு. காலைல ஆறரைக்குத் தானா முழிப்பு வரும். எழுந்து கட்டில் பக்கம் போய்க் குனிவேன். வெறும் மெத்தை. என்னமோ பைத்தியக்காரி மாதிரி தலகாணியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிட்டு வருவேன்.

– அம்மா, போதும்.

– போதாது. கேட்டுக்க. நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு எதிர்ல அந்த ஜிம்மு. அங்கேர்ந்து துண்டெல்லாம் துவைக்க வரும். ஒரு நாள் திருப்பிக் குடுக்கப் போனேன். வழியில ஒரு கம்பி கிடந்துது. நடக்க இடைஞ்சலா இருக்கேன்னு தூக்கி ஓரமா வெச்சேன். அங்க கண்ணாடி முன்னாடி நின்னு சட்டையைத் தூக்கிப் பாத்துக்கிட்டிருந்த பயலுங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டானுங்க. அறுபது கிலோவாம் அது. எனக்கென்ன தெரியும்? உங்கப்பாவை விட லேசாத்தான் இருந்துச்சு. அவரை மாதிரி அது கை காலை உதறல, முனகல.

– நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா? யாரு இல்லன்னு சொன்னா? கஷ்டப்பட்டவங்க எல்லாம் அரை டிராயர் போட்டுக்கிட்டுப் பேப்பர்லயா வராங்க?

– அந்தப் பேப்பரை இப்படி நீட்டு. அகலமாப் பிடி.

– எதுக்கு?

– தேய்ச்சதைப் பேப்பர் மேல தூக்கிப் பிடிச்சா எழுத்து தெரியணும். அப்பத்தான் பதம். ஆங், பாரு. தலைப்பு தெரியுது. என் முகம்கூட மங்கலாத் தெரியுது.

– உனக்கு எல்லாமே விளையாட்டு.

– விளையாட்டுதான்டா. நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு விளையாடறேன். கத்தியை எடு. விரல் அகலத்துக்கு நாடா நாடா வெட்டிட்டு நாற்காலி முதுகுல தொங்கவிடு. ஒண்ணு மேல ஒண்ணு விழாம.

– நான் என்ன சொல்ல வரேன்னா, அடுத்த வருஷம் பண்ணிக்கோ. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ கம்பியைத் தூக்கு, கட்டடத்தைத் தூக்கு, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

– அடுத்த வருஷம் கொழந்தை வரும். பேரன் பொறந்திருக்கான், பாட்டி தொடையைக் காட்டலாமான்னு அரை நாள் லீவு போட்டுட்டு வருவ. அதுக்கு அடுத்த வருஷம் அவனைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும், அங்க கேவலம்னுவ. உன் வெக்கத்துக்கு என்னைக்கும் ஒரு விசேஷம் இருக்கும்.

– நீ பேசாத! உனக்கு என் மேல கோவம். அன்னைக்கு அப்பா குளியலறையில விழுந்தப்ப நான் தூக்கலன்னு கோவம். அதை மனசுல வெச்சிக்கிட்டு ஊரு முன்னாடி என்னைப் பழி வாங்கற.

– ஓ. அதை நீயே எடுத்துட்டியா. நான் எடுக்கக் கூடாதுன்னு எட்டு வருஷமா நாக்கைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.

– கடிக்க வேணாம், கேளு.

– கேக்கறேன். லீவு நாள், மத்தியானம். நீ வாசல் நாற்காலில இருந்த. நான் கத்தினேன். வந்து எட்டிப் பாத்த. அவர் ஈரத்தரையில, துணி விலகி, வாய் கோணி... ‘நான் ஆள் கூட்டிட்டு வரேன்’னு ஓடின. ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்த. தனியா.

– யாரும் கிடைக்கலம்மா. தெருமுனை வண்டி ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எவனும் இல்ல.

– கீழ் வீட்டுத் தையல்காரர் அன்னைக்கு வீட்லதான் இருந்தாரு. அப்புறம் நான் கேட்டேன். உன் பையன் என் கதவைத் தட்டவே இல்லையேம்மா, தட்டியிருந்தா ஓடி வந்திருப்பேனேன்னு அழாத குறையாச் சொன்னாரு. அவரைத் தாண்டித்தானே படி இறங்கணும்?

– பதட்டத்துல தோணல.

– தோணல. சரி. விடு. அது போகட்டும்னு விட்டதுதான். ஆனா அதை வெச்சு நான் பழி வாங்கறேன்னு சொன்ன பாரு, அதை விட மாட்டேன். எட்டு வருஷத்துல ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லியிருப்பேனாடா? நீ கட்டிக்கப் போற பொண்ணு வீட்ல ‘பையன் அப்பாவை நல்லா பாத்துக்கிட்டானா’ன்னு கேட்டாங்க. உள்ளங்கையில வெச்சுத் தாங்கினான்னு சொன்னேன். பொய். உனக்காக.

– உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா?

– கத்தாத. நாடா அறுந்து விழுது.

– விழட்டும்! கடைசியாக் கேக்கறேன். ஞாயித்துக்கிழமை போவியா, மாட்டியா?

– போவேன்.

– போனீன்னா கல்யாணத்துக்கு வராத. நெஜமாத்தான் சொல்றேன். கல்யாணமா, கம்பியா, நீயே முடிவு பண்ணிக்கோ.

– அடுப்பை அணை. தண்ணி கொதிச்சுக் கொட்டுது.

– பதில் சொல்லு.

– சொல்றேன். உனக்கில்ல. அசிங்கமா இருக்குன்னு சொன்னவங்களுக்குச் சொல்றேன். என் ஃபோனை எடு. சம்பந்தியம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

– எதுக்கும்மா? அதெல்லாம் வேணாம்.

– உங்க வீட்டு மானம் கெடும்னா நான் விலகிக்கறேன், என் பையன் மேல வருத்தம் வேணாம்னு சொல்லப் போறேன். போடு.

– அவங்க தூங்குவாங்க.

– மத்தியானம் மூணு மணிக்கா?

– வேணாம்னு சொல்றேன்ல! ஃபோனைக் குடு இப்படி!

– தள்ளு. என் கையைப் பிடிச்சு நிறுத்தற தெம்பு உனக்கில்ல, வீணா முயற்சி பண்ணாத. கை மாவா இருந்தா என்ன, விரல் முட்டியால அழுத்தறேன். மணி அடிக்குது. மூச்!

– ஹலோ! சம்பந்தியம்மா! ஐயையோ, உங்களுக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்!

– அப்படியாங்க. நல்லா இருக்கீங்களா?

– நல்லா இருக்கறதாவது! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல உங்க படத்தை ஒட்டி வெச்சிருக்கா உங்க மருமக. பால் எடுக்கப் போனா நீங்க, தண்ணி எடுக்கப் போனா நீங்க. எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கடைக்கு வரவங்களை எல்லாம் நிறுத்தி வெச்சு, ‘இவங்க எங்க சம்பந்தி, நூறு கிலோ’ன்னு சொல்லி, சாமான் வாங்க வந்தவங்க சாமானை மறந்துட்டுப் போறாங்க.

– ஓ. உங்களுக்கு... ஒண்ணும் சங்கடமா இல்லைங்களே?

– சங்கடமா? அட நீங்க வேற! சங்கடம் ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமைக்கு நாங்க ஆறு பேரு வரலாம்னு இருந்தோம். டிக்கெட் எல்லாம் தீந்து போச்சுன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு. ஒரு ஓரமா நின்னு பாக்கறதுக்காவது ஏதாச்சும் வழி இருக்குங்களா?

– டிக்கெட் தீந்து போச்சுன்னா சொன்னான்?

– ஆமா. உங்ககிட்டயே கேக்கலாம்னு பாத்தேன். ‘அம்மா பயிற்சில இருக்காங்க, போட்டி முடியற வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ண வேணாம்’னாரு. அதான் ஃபோனே பண்ணல. எவ்வளவு பொறுப்பான பையன்!

– பொறுப்புதாங்க. அது... அவன் வேற போட்டியை நெனச்சிட்டிருப்பான். இதுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆறு பேரும் வாங்க. முன் வரிசையில உக்காருங்க.

– அட, நெஜமாவா! ஏங்க, அங்க என்ன தடதடன்னு சத்தம்?

– ஒண்ணுமில்ல, மாவு தேய்க்கற கட்டை கீழ விழுந்துடுச்சு. உங்க மாப்பிள்ளைதான் பக்கத்துல ஒத்தாசை பண்றான்.

– அம்மாவுக்கு மாவு தேய்ச்சுக் குடுக்கறாரா! குடுத்து வெச்சவங்க நீங்க. சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சுடறேன். நானும் பொண்ணும் இதையேதான் பேசிப் பேசி மாயறோம். ஜிம்முக்குப் போயி ரெண்டு வருஷந்தான் ஆச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு கை வராதுங்க. நீங்க முன்னாடியே என்னமோ பண்ணியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாடு எங்களோட. அந்தக் கை வந்த கதையை ஆதியோடந்தமா சொல்லணும், விட மாட்டோம்.

– சரிங்க. வாங்க, பேசலாம்.

– வெச்சுடறேங்க. நல்லா சாப்பிடுங்க!

– கட்டையை எடுத்து மேல வை.

– அம்மா...

– வை. இப்பச் சொல்லு. எந்த வாய் சொல்லுச்சு அசிங்கம்னு?

– நான்தான்.

– அவங்க ஆசையாக் கேட்டதுக்கு டிக்கெட் இல்லன்னு பொய். எங்கிட்ட வந்து அவங்க காறித் துப்பறாங்கன்னு பொய். ரெண்டு பக்கமும் ரெண்டு பொய்யைக் கட்டிட்டு, நடுவுல உக்காந்து, பெத்தவளைக் கல்யாணத்துக்கு வராதன்னு சொல்ற. பத்து வீட்டுச் சண்டையைத் தனியாளா இழுக்கற திறமைடா உனக்கு! ஊருக்கு அசிங்கமில்ல, சம்பந்திக்கு அசிங்கமில்ல. ஆஸ்பத்திரில என்கூடத் துணி மடிக்கறவங்க அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமை விசில் வாங்கி வெச்சிருக்காங்க. உனக்கு மட்டும் ஏன்டா இந்தக் கை அசிங்கமா இருக்கு? உனக்குச் சோறு ஊட்டின கைதானே இது?

– கை அசிங்கமில்லம்மா.

– பின்ன?

– அது எப்படி வந்துச்சுன்னு ஞாயித்துக்கிழமை அவங்க கேப்பாங்க. நீ அப்பாவைப் பத்திச் சொல்லுவ. அடுத்த கேள்வி, அப்ப உங்க பையன் எங்க இருந்தான்னு வரும். அந்த அன்னைக்கு எங்க போனான்னு வரும்.

– வந்தா வரட்டும். எனக்குச் சொன்னதையே அவங்களுக்கும் சொல்லு. ஆள் தேடிப் போனேன், தெருமுனை வரைக்கும் போனேன், எவனும் கிடைக்கலன்னு சொல்லு. நான் நம்பின மாதிரி அவங்களும் நம்பிட்டுப் போறாங்க.

– நான் எங்கயும் போகலம்மா. நம்ம கதவுக்கு வெளிய, படியிலதான் உக்காந்திருந்தேன். நீ ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னு சொல்லிச் சொல்லி அப்பாவைத் தூக்கப் பாத்தது பதினேழு தடவை எனக்குக் கேட்டுச்சு.